நைதரசனில் தொங்கிய காபன்

உயர்தர வகுப்பில் சேதன இரசாயனம் தொடங்கிய அன்று, சேர் கரும்பலகையை அடைத்து ஒரு கட்டமைப்பை வரைந்தார். ஒன்றோடொன்று ஒட்டிய ஐந்து வளையங்கள், ஒரு நைதரசன். "இது மோர்பீன். சோதினைக்கு வராது. எண்டாலும் பாத்து வையுங்கோ" என்றார். அபினிலிருந்து எடுக்கும் வலிநிவாரணி அது. பிறகு சுண்ணக்கட்டியும் துடைப்பமுமாக அந்தப் படத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் அரோமற்றிக் வளையத்து ஐதரொட்சிலில் (OH) இருந்த ஐதரசனைத் துடைத்து, அங்கே ஒரு காபன் கொண்ட மெதைலைப் போட்டார். நோவுக்குக் கொடுக்கும் கோடீன் ஆகிவிட்டது. மருந்தாளராக வந்த பிறகுதான் அதன் மீதிக் கதை எனக்கு விளங்கியது. அந்த மெதைல் இருக்கும்வரை கோடீன் மூளையின் வாங்கிகளில், அதாவது மருந்து வந்து அமரும் இடங்களில், சரியாகப் பிடிக்காது. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதைக் கழற்றி, ஒரு பங்கை மோர்பீனாக்க வேண்டும். அந்த நொதியம் வேலை செய்யாதவர்களுக்குக் குளிசையால் பெரிய சுகம் இல்லை. மிதமிஞ்சி வேலை செய்பவர்களுக்கோ மூச்சே அடங்கிவிடலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பல நாடுகள் கோடீனைத் தடுத்தது இதனால்தான்.

அடுத்து மோர்பீனின் இரண்டு ஐதரொட்சிலிலும் இரண்டு காபன் கொண்ட அசற்றைல். 1874இல் அல்டர் றைற் இலண்டனில் செய்த ஹெரோயின் அது. கொழுப்பில் நன்றாகக் கரைவதால் மோர்பீனைவிட விரைவாக மூளைக்குள் நுழைந்துவிடும். உள்ளே போனதும் அசற்றைல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

கடைசியாக நைதரசனுக்கு வந்தார். மோர்பீனின் நெருங்கிய உறவான ஒக்சிமோர்போனை வரைந்து, அதன் நைதரசனில் தொங்கிய ஒற்றைக் காபனை அழித்துவிட்டு, மூன்று காபன் கொண்ட அல்லைலைப் போட்டார். வேறொன்றையும் தொடவில்லை. "இது நலொக்சோன். அதே கதிரையில வந்து இருக்கும். வேலை செய்யாது. இருக்கிறவனையும் எழுப்பிப் போடும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சத்திரசிகிச்சை முடிந்த ஒரு வயதான அம்மாவுக்கு மோர்பீன் கூடிவிட்டது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. உதடு நீலம் பாரித்திருந்தது, கண்மணிகள் ஊசிமுனையளவு. தாதி நாளத்தில் நலொக்சோனை ஏற்றினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, அம்மா கண்ணைத் திறந்து, நோகிறது என்று முனகினார். எனக்கு அந்தக் கரும்பலகைதான் தெரிந்தது.

ஆனால் நலொக்சோன் நெடுநேரம் நிற்காது. அது இறங்கும்போது மோர்பீன் இன்னும் உடம்பில் இருக்கும். கதிரை காலியானால் திரும்பி வந்து இருந்துவிடும். மூச்சு மறுபடி குறையத்தான் செய்தது. இரண்டாம் தடவையும் ஏற்றி, விடியும்வரை தாதியும் நானும் மாறி மாறி மூச்சை எண்ணினோம்.

அடுத்த நாளே சேருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதிலில் ஒரே வரிதான் இருந்தது: "விடியேக்க எத்தினை மூச்சு?"

பதினாலு என்று எழுதிப் போட்டேன்.