ஜித்தாவுக்குப் போன சரக்கு

"ஜித்தாவுக்கா அனுப்பினீர்கள்?" என்று மட்டும்தான், ஏமனில் எங்கள் மாங்கூழ் வாங்கும் ஹொதைதாக்காரர் போனில் கேட்டார். "வியாபாரம், பாய்" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

2015 ஆகஸ்ட் அது. பெங்களூரா மாம்பழ சீசன் முடிந்து, ஏமனில் அவருக்குப் போக வேண்டிய மாங்கூழ் முழுக்க எங்கள் கிருஷ்ணகிரி குடோனில் நின்றது. 215 கிலோ ட்ரம்கள், அரபி லேபிள்கூட ஒட்டியாகிவிட்டது. அங்கே வங்கி எல்.சி. (பணத்துக்கான உத்தரவாதக் கடிதம்) திறக்கவில்லை, கப்பல் கம்பெனி புக்கிங் எடுக்கவில்லை. அந்த மாதமே சவுதி கூட்டணி விமானங்கள் ஹொதைதா துறைமுகத்தின் கிரேன்களை அடித்து நொறுக்கின. பழம் போட்ட விவசாயிகள் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார்கள். என்னய்யா செய்யலாம் என்று முதலாளி கேட்டதும், சவுதியில் ஜித்தா பார்ட்டி ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று சொன்னது நான்தான். மறுநாள் பையன்கள் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு லேபிளைச் சுரண்டினார்கள். பாதி வரவில்லை, அதன் மேலேயே புதுசை ஒட்டினோம்.

இதில் என்ன குற்றம்? அட்வான்ஸ் ஒரு பைசா வரவில்லை. மாம்பழ ஜூஸ் கிடைக்காமல் எந்த ஊரிலும் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் அவர் ஊர்மேல் குண்டு போடுகிற நாட்டுக்கே அவர் சரக்கு போயிற்று. அதையும் இல்லையென்று சொல்ல முடியாது.

2011ல் இதே மனிதர் ரேட் பேசக் கூப்பிட்டால் பாதி நேரம் போராட்டக் கதைதான். ஏமன் அதிபர் சாலே 1978லிருந்து நாற்காலியில் இருந்தவர். சனா பல்கலைக்கழக வாசலில் மாதக்கணக்காக ஜனம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் வளைகுடா நாடுகள் பஞ்சாயத்து பண்ணி, நவம்பரில் ரியாதில் கையெழுத்து வாங்கின. பதவி போகும், வழக்கு கிடையாது. அப்படியே விடலாமா என்று கேட்டேன். ரத்தம் சிந்தாமல் போனால் போதும், சவுதி பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. துனிசியாவில் ஜனமே அதிபர் பென் அலியை ஓட வைத்தது, எந்த விமானமும் வரவில்லை; ஆனால் எல்லா ஊரும் துனிசியா ஆகுமா?

பதவி போன பிறகும் சாலே ஏமனிலேயே தங்கிவிட்டார். தான் ஆறு முறை சண்டை போட்ட வடக்கு ஏமன் கிளர்ச்சிக்காரர்களான ஹூதிகளோடு சேர்ந்துகொண்டார். 2014 செப்டம்பரில் சனா அவர்கள் கைக்குப் போயிற்று. 2015 மார்ச்சில் விமானங்கள் வந்தன. பஞ்சாயத்து பண்ணின அதே ரியாதிலிருந்துதான். வெளியார் தலையிடவே கூடாது என்று டீக்கடையில் அடித்துப் பேசுவேன். சிரியாவில் ரஷ்யாவும் ஈரானும் போய் நின்றது அதிபர் அசாதைக் காப்பாற்றத்தானே, அவர் 2024 டிசம்பர் வரை ஓட்டினாரே என்று யாராவது கேட்டால், அதைத்தான் நானும் சொல்கிறேன் என்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு ஹொதைதாவில் இருந்திருந்தால் நானும் யாரையாவது கூப்பிட்டிருப்பேன் என்று தோன்றும்.

அடுத்த சீசனில் அவரே ஏடன் வழியாக ஆர்டர் கொடுத்தார். ரேட்டில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தோம். ஜித்தா பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

2017 டிசம்பர் 4. சாலே ஹூதிகளை விட்டுவிட்டு சவுதி பக்கம் சாய்ந்ததும் ஹூதிகளே அவரைக் கொன்றுவிட்டார்கள். செய்தி பார்த்ததும் கூப்பிட்டேன். "என்ன பாய், சந்தோஷமா?"

"உங்களுக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 2011ல் அந்த ஆள் போக வேண்டும் என்று என் காதில் ஓதினதே இவர்தானே?