வழிமொழிந்தவர்

சென்ற கூட்டக் குறிப்பை யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று கேட்டால் மலேசியத் தோட்டத் தமிழ்ப்பள்ளியான எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். கைப்பேசியைப் பார்ப்பார்கள், மைலோ பொட்டலத்தில் குழலைக் குத்துவார்கள். யார் கண்ணாவது என் கண்ணில் பட்டால், "அண்ணே, உங்க பேரைப் போட்டுக்கவா?" என்று நானே கேட்டு எழுதிக்கொள்வேன். பதினொரு ஆண்டாகச் செயலாளர் வேலை பார்க்கிறேன். தானாகக் கை தூக்கி ஒருவர் வழிமொழிந்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2023 ஆகஸ்டு கூட்டத்திலிருந்து சொல்ல வேண்டும். பள்ளியில் கடை போட்டுக் கூப்பனுக்கு விற்கும் கேன்டீன் டே முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கூப்பன் பொறுப்பு ஓர் அக்காவிடம் இருந்தது. முச்சந்தியில் காலையில் நாசி லெமாக் விற்பவர். மகன் அப்போது ஆறாம் ஆண்டு. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்த ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூப்பன்களை ஐம்பது ஐம்பதாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, பிஸ்கட் டின்னில் கொண்டுவந்திருந்தார். பொருளாளர் கணக்கு வாசித்தார்: கூப்பன் விற்பனை 3,930 வெள்ளி. அக்கா டின்னைத் திறந்து மேசையில் வைத்தார். "எங்கிட்ட திரும்பி வந்ததே 4,360 இருக்கு. வாங்கிட்டுச் செலவழிக்காம வீட்டுலயே வச்சிருக்கிறவங்க வேற இருப்பாங்க. அப்படிப் பாத்தா வந்த பணம் இதுக்கு மேலதான் இருக்கணும். கீழ எப்படி வரும்?"

பொருளாளர் பாவம், பள்ளிக்கு வந்து ஆறு மாதமே ஆன இளம் ஆசிரியர். தன் கைக்கு வந்த தகரப்பெட்டியை எண்ணினார், வங்கியில் போட்டார், அவ்வளவுதான். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: கூடாரக்காரனுக்கும் ஐஸுக்கும் அன்று சாயந்தரமே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக. ரசீது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். இங்கிருந்துதான் ஆரம்பம்.

"என் லாரியிலதான் மேசை நாற்காலி எல்லாம் வந்துச்சு. அதுக்கு நான் பில் போட்டேனா?"

"போடுங்கண்ணே. போட்டா கொடுத்துடலாம். நான் கேக்குறதே அதுதானே."

"நான் பணத்தை எடுத்துட்டேன்னு சொல்றியா நீ?"

'நீங்க' எந்த இடத்தில் 'நீ' ஆனது என்பதை எல்லாரும் கவனித்தோம். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"எடுத்தீங்கன்னு சொல்லலண்ணே. எழுதலன்னு சொல்றேன்."

அதுவரை எழுதிக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு, அடுத்ததுக்குப் போவோமா" என்றார். அடுத்ததற்குப் போனோம். மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பஸ்.

கூட்டம் நடப்பது தமிழில். குறிப்பு எழுதுவது மலாயில். பிரதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகுமே. மலாயில் எழுதும்போது ஒரு வசதி இருக்கிறது, இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். "பெர்காரா கெவாங்கான் தெலா டிபின்சாங்கான்." பண விவகாரம் விவாதிக்கப்பட்டது. யார் கேட்டது, என்ன கேட்டது, யார் யாரை 'நீ' என்றது எல்லாமே 'டிபின்சாங்கான்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பொய் இல்லை. விவாதித்தோம்தானே? மறுநாள் தலைமையாசிரியரிடம் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டார். வழக்கமாக எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவர், அன்று ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதற்குக் காரணங்கள் இருந்தன. இப்போதும் அவற்றை நான் விட்டுவிடவில்லை.

எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு 68 பிள்ளைகள். 150-க்குக் குறைந்தாலே குறைந்த மாணவர் பள்ளிப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். நாங்கள் அதில் ஏறி எத்தனையோ வருடம் ஆகிறது. தோட்டத்தில் நம் ஆட்கள் இல்லை. லயத்தில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போய்விட்டன. பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. தாமானிலிருந்து பதினாறு பிள்ளைகள் வருவது தலைவரின் வேனில். பாதிக் காசுகூட வாங்குவதில்லை. பழக்குலை ஏற்றும் லாரி நான்கு வைத்திருக்கிறார். தீபாவளிக்குப் பள்ளிச் சீருடை எடுத்துக் கொடுப்பார். கழிவறைக் கதவு உடைந்தால் கேட்பதற்கு முன்பே ஆள் அனுப்புவார். அவர் கோபித்துக்கொண்டு போனால் அந்தப் பதினாறும் பக்கத்திலேயே இருக்கும் மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு நடந்தே போய்விடும். 68-இல் 16 போனால் மிச்சம் என்ன என்று ஆசிரியருக்குத் தெரியாதா?

அதோடு, கூட்டக் குறிப்பு என்பது முடிவுகளைப் பதிவதற்கு, சண்டையைப் பதிவதற்கு அல்ல. இது என் சமாளிப்பு இல்லை, எல்லா அலுவலகத்திலும் வழக்கம் அதுதான்.

சரி, அக்டோபர் கூட்டத்துக்கு வருகிறேன். குறிப்பின் பிரதியை எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். அக்கா ஒருவர்தான் அதைப் படித்தார். மலாய் அவருக்கு நன்றாகவே வரும். ஆனாலும் வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படிப்பார். சம்பல் கிண்டிக் கிண்டி அந்த விரல் நுனி எப்போதும் கொஞ்சம் சிவந்தே இருக்கும். விரல் ஐந்தாவது அம்சத்தில் நின்றது. நான் வருகைப் பட்டியலைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"டீச்சர், நான் கேட்டது இதுல எங்க இருக்கு?"

மெதுவாகத்தான் கேட்டார், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும். தலைவர் இன்னும் வந்து சேரவில்லை.

"முடிவை மட்டும்தான்க்கா எழுதுவோம். பேசினது எல்லாம் எழுத மாட்டோம்."

"ஓ. அப்படியா."

தலைவர் வந்தார். தலைமையாசிரியர் தொடக்கினார். முன்மொழிவதற்கு ஒருவர் பெயரைக் கெஞ்சி வாங்கினேன். வழிமொழிய யார் என்று கேட்டு வாய் மூடவில்லை, அக்கா கையைத் தூக்கினார். "நான் வழிமொழியறேன்."

அவ்வளவுதான் நடந்தது. இதில் ஒன்றுமே இல்லை என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குத்திக் காட்டுவதற்காகத் தூக்கினாரா? முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அலுத்துப்போய்த் தூக்கினாரா? அலுத்துப்போனவர் மற்றவர்களைப் போலக் கைப்பேசியைப் பார்த்திருக்கலாமே. என்னைக் காப்பாற்றினாரா என்றுகூட யோசித்திருக்கிறேன். தலைவர் எதிரே அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மாட்டுவது நான்தான், தலைவர் இல்லை. இல்லை, இதுவும் எனக்குச் சௌகரியமான விளக்கம்தான். அவர் என்னைக் காப்பாற்றினார் என்றால் நான் அவருக்கு நன்றி சொன்னால் போதும், மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எது எப்படியோ, கோப்பில் இப்போது இருப்பது இதுதான்: பண விவகாரம் விவாதிக்கப்பட்டது, 'டிசோகோங்' (வழிமொழிந்தவர்) என்ற இடத்தில் அவர் பெயர். தான் கேட்ட கேள்வி இல்லாத குறிப்பைச் சரிதான் என்று அவரே உறுதி செய்ததாக.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது ஆறாவது அம்சம். அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. நாலைந்து மாதம் கழித்து ஆண்டறிக்கைக்காகக் கோப்பைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று பேசியபோது தலைவர் 500 வெள்ளி தருவதாகச் சொன்னார். அதை நான் தொகையோடு, பெயரோடு, 'டத்தோ' பட்டம் ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்கு, நன்றி நவிலலோடு மூன்று வரி எழுதியிருக்கிறேன். முடிவை மட்டும்தான் எழுதுவோம் என்று சொன்ன அதே குறிப்பில்! 500 வெள்ளி கொடுப்பது மூன்று வரி. 430 வெள்ளி எங்கே என்பது ஒரு சொல்.

பழக்கதோஷம் என்று தோன்றுகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-இல் தொழிலாளர் சட்டம் வந்தது. எங்கள் பள்ளியும் அப்படிப்பட்ட வழியில் வந்ததுதான். பல தோட்டங்களில் கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ வாத்தியார். துரை மனம் வைத்தால் கூரை மாறும். வாங்குகிறவன் கணக்குக் கேட்பது என்கிற வழக்கமே அங்கே கிடையாது. இன்றும் பாதி அரசு உதவி பெறும் பள்ளி நாங்கள், நிலம் தோட்டத்துடையது. ஒரு கதவுக்கும் யாராவது மனம் வைக்க வேண்டியிருக்கிறது. தலைவர் அந்த இடத்தில் வந்து நிற்கிறார், அவர் கேட்டு வாங்கிய இடம்கூட இல்லை அது. நாங்கள்தான் நிற்க வைத்தோம். இப்படிச் சொல்லும்போதே சந்தேகமும் வருகிறது: நூறு வருடச் சரித்திரத்தை இழுத்து வந்து நான் பேனாவை வைத்ததற்குக் காரணம் சொல்கிறேனோ?

அவர் எடுத்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. கூடாரக்காரன் காசு வாங்கியிருப்பான், ஐஸ்காரனும் வாங்கியிருப்பான். ஒரு மாதத்துக்கு அந்த வேன் டீசலுக்கே அவர் அதைவிட அதிகம் போடுகிறார். ஆனால் அக்காவும் அவர் எடுத்தார் என்று சொல்லவில்லையே. எழுதவில்லை என்றுதான் சொன்னார். அந்த வாக்கியம் அவருக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று சில நாள் குழம்பிப்போகிறேன்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் போட்டியின்றி வந்தார். அக்கா வரவில்லை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டுப் பெற்றோராவது கூடுவார்கள். 2021-இல் தேர்வை ரத்து செய்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கி வந்த காலம் அது. 2024 பிப்ரவரியில் அவர் மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போவதற்காகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். பிள்ளை பள்ளியில் இருக்கும்வரைதான் பெற்றோர் உறுப்பினர். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கான 1998 விதிமுறைகளின்படி பிரச்சினை தானாகவே முடிந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்க வேண்டியதும் நான்தான். நீக்கவில்லை, அவரே வெளியேறட்டும் என்று விட்டேன். நான்கு நாள் கழித்து வெளியேறினார்.

பிஸ்கட் டின் என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. போன வருடக் கடைசியில் ஒரு மதியம், பள்ளியில் யாரும் இல்லாத நேரம், உட்கார்ந்து எண்ணினேன். ரப்பர் பேண்டுகள் காய்ந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தன; தொட்டதும் பொடிந்தன. இரண்டு தடவை எண்ணினேன். 4,290. அக்கா சொன்னதில் 70 குறைகிறது. நடுவில் அலமாரி இடம் மாறியபோது கொஞ்சம் விழுந்திருக்கலாம், அவரே தப்பாக எண்ணியிருக்கலாம். ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பார், அவர் கணக்கும் சரியில்லை என்று. அப்புறம் 4,290-இலிருந்து 3,930-ஐக் கழித்துப் பார்த்தேன்.

இந்த ஆண்டு மறுபடியும் கேன்டீன் டே. வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் ரசீதுப் புத்தகம் மூன்று என்று எழுதியிருந்தேன். தலைவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"எதுக்கு டீச்சர் மூணு?"

"இந்தத் தடவை கூட்டம் நிறைய வரும்ணே" என்றேன்.

"சரி, வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, பணத்தைத் தன் சட்டைப்பையிலிருந்தே எடுத்து நீட்டினார்.