வாள் அலகில் ஒரு பெயர், அதற்கு இத்தனை அலைச்சல்

ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த வாள். அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் காலாட்படை அதிகாரிகளின் 1889 மாடல். ஏலத்தில் எடுத்தது, பணம் கட்டியது எல்லாம் சுலபமாக முடிந்தது. படுத்தி எடுத்தது அலகில் இருந்த அர்ப்பணிப்பு வரிதான்: ரெஜிமென்ட் தோழர்கள் அளித்தது, 1898–1904, கூடவே ஒரு லெஃப்டினன்ட்டின் பெயர். அந்த வரிக்குத்தான் கூடுதல் விலையே. பட்டியலில் 'சான்று உண்டு' என்று போட்டிருந்தார்கள். கேட்டால், சான்று பழைய உரிமையாளரிடம் இருக்கிறதாம், அவர் யாரென்று சொல்ல முடியாதாம்.

சரி, ஆவணக் காப்பகத்தில் விசாரிப்போம் என்று எழுதினேன். "வாளோடு நேரில் வாருங்கள்" என்று பதில். ஜெர்மனியில் வாளைப் பொது இடத்தில் எடுத்துச் செல்ல பூட்டிய பெட்டி வேண்டும், துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள். நானும் பெட்டியைப் பூட்டித் தூக்கிக்கொண்டு போனால், ஆயுதத்துக்கு உள்ளே அனுமதியில்லை என்றார் வாசலில் இருந்தவர். லாக்கரிலோ பெட்டி நுழையவில்லை. ஒருவழியாக உள்ளே போனதும் காப்பகத்தில் பொறுப்பில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிரஷ்ய அதிகாரியா? கோப்புகள் எரிந்துவிட்டனவே" என்றார். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் பிரஷ்ய ராணுவக் காப்பகத்தின் பெரும்பகுதி போனது உண்மைதான். அதை மின்னஞ்சலிலேயே சொல்லியிருந்தால் ரயில் காசாவது மிஞ்சியிருக்கும். தென் ஜெர்மனியின் பவேரிய அதிகாரியின் வாள் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மியூனிக் போர்க் காப்பகத்தில் தனிக் கோப்பே கிடைக்க வாய்ப்புண்டு.

கடைசியில் கைகொடுத்தது ராங்லிஸ்ட, அதாவது ஆண்டுதோறும் அச்சான அதிகாரிகள் பட்டியல். ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் உண்டு. ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலத் தெரியும், பெயரை இரண்டு விதமாகவும் தேடுங்கள். 1899 பட்டியலில், அதே ரெஜிமென்டின் லெஃப்டினன்ட் வரிசையில் அடியில் ஆள் இருந்தார்! 1905இல் வேறு ரெஜிமென்டுக்குப் போயிருந்தார்.

ஆள் நிஜம், எழுத்தும் பழையதுதானா? வெற்று அலகில் புதிதாகப் பெயர் பொறித்து விற்பவர்கள் உண்டு. லென்ஸை வைத்துத் துருக்குழிகளைப் பாருங்கள். குழி எழுத்தைத் தின்றிருந்தால் நல்லது, எழுத்து குழிக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். என்னுடையதில் ஆண்டின் கடைசி இலக்கத்தில் பாதியைத் துரு தின்றிருந்தது. துருவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

விஷயம் தெரிந்ததும் ஏல நிறுவனத்திலிருந்து கடிதம்: அந்தப் பட்டியல் பக்கங்களின் நகல் கிடைக்குமா என்று. நான் இன்னும் பதில் போடவில்லை.