நின்றபடி ஆறு தலைகீழ்

மார்ச் 4, 2023, சனி

பத்து வருடத்துக்கு அப்புறம் இன்று மறுபடி நின்றுகொண்டு போகிற ரோலர் கோஸ்டரில் ஏறினேன். கலிபோர்னியாவின் வலன்சியாவில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் இருக்கும் ரிட்லர்ஸ் ரிவெஞ்ச். போன வாரம் விழுந்த பனி சுற்றியுள்ள மலை உச்சிகளில் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. கோஸ்டரின் பச்சைத் தண்டவாளம் அதற்கு முன்னால் பளிச்சென்று தெரிந்தது.

இத்தனை வருடம் ஏறாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா வந்த புதிதில் வேறொரு மாநிலத்தில், வேறொரு பூங்காவில், இதே வகையில் ஒன்றில் ஏறினேன். இறங்கியபோது ஒழுங்காக நடக்க முடியவில்லை. தொடை இடுக்கு முழுக்க வலி. இரண்டு காதும் தோளைப் பிடித்துக்கொள்கிற ஹார்னெஸில் மாறி மாறி இடித்துச் சிவந்துபோயின. ஒரு தோடு குத்தி ரத்தமே வந்துவிட்டது. மனிதர்களை நிற்க வைத்து ஓட்டுவதே தப்பு என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். ஏறும்போது "நேராக நில்லுங்கள்" என்றார்கள். நேராக என்றால் குதிகாலைத் தூக்கி முடிந்த மட்டும் உயரமாக நிற்பது என்று நான் புரிந்துகொண்டேன். அங்கேதான் எல்லாம் கெட்டது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதில் சீட் என்று சொல்வது உட்காருகிற சீட் இல்லை. சைக்கிள் சீட் மாதிரி கால்களுக்கு நடுவே வருகிற சின்னத் திண்டு. அந்தத் திண்டும், முதுகுப் பலகையும், தோளுக்கு மேல் இறங்குகிற ஹார்னெஸும் ஒரே பாகமாக மேலும் கீழும் நகரும். நாம் உள்ளே போய் நிற்கும்போது அது நம் உயரத்துக்கு வந்து நிற்கும். அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பயணம் முடியும்வரை அதுதான் நம் உயரம்.

அந்த டக் சத்தம் வரும்போது குதிகால் தூக்கியிருந்தால் திண்டும் உயரத்தில் பூட்டிவிடும். குதிகாலை இறக்கியதும் மொத்த உடம்பும் திண்டின்மேல் போய் உட்காரும். தலைகீழாகச் சுற்றி வருகிற லூப்பின் அடியில் எடை சுமார் நான்கு மடங்காகும். நான் 58 கிலோ. 232 கிலோவை அந்தச் சின்னத் திண்டில் வைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்று பாதம் முழுக்கத் தரையில் பதித்தேன். முட்டியை மட்டும் ஒரு துளி தளர்த்திக்கொண்டேன், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது முட்டி இருக்குமே, அந்த அளவுக்கு. டக். அப்புறம் நிமிர்ந்தேன். திண்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. அந்த ஒரு விரல் இடத்தில்தான் மொத்த சுகமும் இருக்கிறது.

மார்ச் 5, ஞாயிறு

காலையில் எழுந்ததும் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிசியோதெரபிஸ்ட் என்பதால் இது பழக்கம். காது சரியாக இருக்கிறது. கழுத்தும் சரி. கெண்டைக்காலில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு, படி ஏறி இறங்கினால் வருமே அந்த மாதிரி. உடம்பைத் திண்டு தாங்கவில்லை, கால்கள்தான் தாங்கின என்பதற்கு இதுவே சாட்சி. நல்ல வலி.

மார்ச் 18, சனி

தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறடி இரண்டங்குலம். "அக்கா, உசரமா இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று வரிசையில் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

ஒருமுறை ஏறியதும் அவனுக்கு வேறு சிக்கல் தெரிந்தது. நான் முட்டியைத் தளர்த்தச் சொன்னதை அவன் ரொம்பவே தளர்த்திவிட்டான், பாதி தோப்புக்கரணம் மாதிரி. திண்டு கீழே பூட்டிக்கொண்டது, சரி. ஆனால் அதோடு சேர்ந்து ஹார்னெஸும் கீழே பூட்டிவிட்டதே! நிமிரப் பார்த்தால் தோளில் அழுத்துகிறது. மூன்று நிமிடமும் அரைகுறையாக மடங்கிய காலோடு போய், தொடை எரிகிறது என்று இறங்கினான். நான் அளவைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை முட்டியை ஓரங்குலம் மட்டும் இறக்கச் சொன்னேன். வாயெல்லாம் பல்லாக வந்தான்.

வரிசை மெதுவாக நகர்ந்ததால் ஏறுகிறவர்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஒரு ரயிலில் எட்டு வரிசை, வரிசைக்கு நாலு பேர், மொத்தம் 32 பேர். உட்காருகிற கோஸ்டர் என்றால் ஏறி, உட்கார்ந்து, ஹார்னெஸை இழுத்தால் முடிந்தது. இதில் 32 பேரும் தனித்தனியாகத் தன் உயரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் தவறாக நின்றுவிட்டால் அவருக்காக மற்ற 31 பேரும் காத்திருக்கிறார்கள், பின்னால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களும்தான்.

அதிகமாக நேரம் போவது கேட் திறக்கிற அந்த நொடியில். நாலு பேர் கூட்டமாக வந்தவர்கள் உள்ளே போகிற வரிசையை முடிவு செய்யாமல் நிற்கிறார்கள். முதலில் போகிறவர் பக்கத்து இடத்திலேயே நின்றுகொள்கிறார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, திண்டைத் தாண்டி, காலைத் தூக்கிப் போட்டுப் போக வேண்டியிருக்கிறது. தூர இடத்துக்குப் போகிறவர் முதலில் போய்விட்டால் இவ்வளவு நெருக்கடி வராது. கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே 'நீ நாலாவது, நான் மூணாவது' என்று பேசிக்கொண்டால் போதும்.

அடுத்தது பாக்கெட். ரயிலில் ஏறிய பிறகு மூக்குக் கண்ணாடி, செல்போன், சாவி என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது, கைகள் அதில் மும்முரமாகிவிடுகின்றன, ஹார்னெஸ் மேலேயே நிற்கிறது. நாங்கள் எல்லாவற்றையும் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். தோடும் காரில்தான்.

மார்ச் 23, வியாழன்

என் மகள் குட்டியின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 54 அங்குலமும் கொஞ்சமும். 54தான் அங்கே குறைந்தபட்ச உயரம். சமையலறையே அதிரும்படி குதித்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. அவளுடைய சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சீட்டை ஏற்றி இறக்கிக் காட்டினேன். குதிகால் தூக்கி நின்றால் சீட் எங்கே வருகிறது, பாதம் பதித்து நின்றால் எங்கே வருகிறது என்று அவளே பார்த்துக்கொண்டாள். "அப்போ கால்ல நிக்கணும், சீட்ல இல்ல" என்றாள். நான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருப்பதை ஐந்தே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

மார்ச் 26, ஞாயிறு

இந்த வகை கோஸ்டர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவது மனசை உறுத்துகிறது. தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான டோகோ, ஓடிக்கொண்டிருந்த கோஸ்டர்களில் நிற்கிற ரயில்களை விட்டுப் பார்த்தது. முதலிலிருந்தே நிற்பதற்கென்று வடிவமைத்தது 1984-இல் ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் திறந்த கிங் கோப்ரா. அப்புறம் சுவிட்சர்லாந்தில் வால்டர் பொலிகர், கிளாட் மாபியார் இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் கட்டிய முதல் கோஸ்டரே நிற்கிற வகைதான், 1990-இல் இல்லினாயில் திறந்த அயர்ன் வுல்ஃப். இன்றைக்கு உலகம் முழுக்க மென்மையான ஓட்டத்துக்குப் பேர் வாங்கிய நிறுவனம் அது.

ரிட்லர்ஸ் ரிவெஞ்சும் அவர்களுடையதுதான். 1998 ஏப்ரல் 4-இல் திறந்தது. உயரம் 156 அடி, வேகம் மணிக்கு 65 மைல், நீளம் 4,370 அடி, ஆறு தலைகீழ். நிற்கிற வகையில் இதைவிட உயரமாகவோ வேகமாகவோ யாரும் கட்டவில்லை.

மற்றவை? கிங் கோப்ரா 2001-உடன் போய்விட்டது. சீடர் பாயிண்ட் பூங்காவின் மேன்டிஸை 2015-இல் உட்காருகிற வகையாக மாற்றி ரூகரூ என்று பேர் வைத்தார்கள். கலிபோர்னியாவிலேயே சான்டா கிளாராவில் இருந்த வோர்டெக்ஸ் 2017-இல் பேட்ரியட் ஆனது. அயர்ன் வுல்ஃபை மேரிலாந்துக்குக் கொண்டுபோய் 2012-இல் வேறு பேரில் ஓட்டி, 2019-இல் அதையும் உட்கார வைத்தார்கள். தண்டவாளம் அதேதான், ரயில் மட்டும் மாறியது.

நியாயமான காரணங்களும் இருக்கின்றன. நிற்கும்போது தலை தண்டவாளத்தைவிட ரொம்ப உயரத்தில் இருக்கிறது. தண்டவாளம் சட்டென்று புரளும்போது தலைதான் பெரிய வட்டம் அடிக்கும், அதனால்தான் காது இடிபடுகிறது. ஏற்றி அனுப்பவும் நேரம் ஆகிறது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வலித்தது என்று சொன்னவர்களில் எத்தனை பேர் என்னை மாதிரி குதிகாலைத் தூக்கி நின்றிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறுமுன் பத்து நொடி சொல்லிக் கொடுத்திருந்தால் எனக்கு அந்தப் பத்து வருடம் வீணாகியிருக்காது.

ஏப்ரல் 4, செவ்வாய்

ரிட்லர்ஸ் ரிவெஞ்சுக்கு இன்று 25 வயது. பள்ளிக்கு வசந்த விடுமுறை. குட்டி, தம்பி, நான் மூவரும் திறக்குமுன்பே வாசலில் நின்றோம்.

கேட்டுக்கு வெளியே குட்டிதான் மேஸ்திரி. "மாமா, நீங்க முதல்ல உள்ள போங்க. கடைசி சீட்டு. அப்புறம் நான். அப்புறம் அம்மா." நாலாவதாகத் தனியாக வந்த ஒரு கல்லூரிப் பையன் எங்களோடு சேர்ந்துகொண்டான். கேட் திறந்ததும் நடந்து போய் நின்றோம், அவ்வளவுதான். யாரும் யார் காலையும் தாண்டவில்லை.

முதுகைப் பலகையில் ஒட்டி, திண்டைக் கால்களுக்கு நடுவே வாங்கி, ஹார்னெஸை இழுத்தோம். பக்கவாட்டில் பார்த்தேன். தம்பியின் தோள் மேலே, என் தோள் நடுவில், குட்டியின் தோள் கீழே. ஒரே வரிசையில் மூன்று உயரத்தில் மூன்று ஹார்னெஸ், ஒவ்வொன்றும் அவரவர் தோளில் சரியாகப் படிந்திருந்தது. உட்காருகிற எந்தக் கோஸ்டரிலும் இதைப் பார்க்க முடியாது. எனக்கு அது அத்தனை அழகாக இருந்தது.

ஓரத்தில் அந்தப் பையன் குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்குள் குட்டி எட்டிப் பார்த்து, குதிகாலைக் கீழே வை, முட்டியைக் கொஞ்சம் விடு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் ஒரு நொடி விழித்தான், பிறகு இறங்கி நின்றான். டக்.

சோதிக்க வந்த ஊழியர் எளிதாக இழுத்துப் பார்க்கட்டும் என்று கைகளை ஹார்னெஸிலிருந்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டோம். நாலு இழுப்பு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

ஏறும்போது குட்டி ஒன்றும் பேசவில்லை. உச்சியில் வளைந்து திரும்பும்போது அவள் கை என் கையைத் தேடியது. பிறகு கால் தரையில் இருக்கும்போதே தரை கீழே போகிறது! உட்கார்ந்து விழுவதற்கும் நின்று விழுவதற்கும் இதுதான் வித்தியாசம். மாடிப்படியில் ஒரு படி இருக்கும் என்று காலை வைத்து, அது இல்லாமல் போனால் நெஞ்சில் ஒன்று எழும்பும் இல்லையா, அது இங்கே நூறு அடிக்கு மேல் நீள்கிறது.

உடனே லூப். 124 அடி உயரம். அதில் நுழையும்போது எடை முழுக்க உள்ளங்காலுக்கு இறங்குகிறது. "இறுக்கு!" என்று கத்தினேன். தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்க இடம் அதிகம், சிலருக்குக் கண் முன்னால் லேசாகச் சாம்பல் பூக்கும். தசையை இறுக்கினால் ரத்தம் மேலேயே நிற்கும். தலையைப் பின்பலகையில் அழுத்தி வைத்திருந்ததால் காதும் தப்பித்தது.

இறங்கியதும் முதலில் தொட்டுப் பார்த்தது குட்டியின் காதுகளைத்தான். இரண்டும் சாதாரண நிறத்தில் இருந்தன. "வலிச்சுதா?" என்றேன். "எங்கேம்மா?" என்று திருப்பிக் கேட்டாள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னும் மூன்று தடவை ஏறினோம்.

மே 27, சனி

ஆர்லாண்டோவின் சீவேர்ல்டில் பைப்லைன் இன்று திறந்துவிட்டது. அதே சுவிஸ் நிறுவனம், மறுபடி நிற்கிற கோஸ்டர்! நிறுவனம் இதைக் கைவிட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். உயரம் 110 அடி, வேகம் 60 மைல். சங்கிலியில் ஏற்றாமல் நேராகப் பாய விடுகிறார்கள். இங்கேயும் குறைந்தபட்சம் 54 அங்குலம்.

பெரிய மாற்றம் சீட்டில். ரிட்லரில் கிளம்புமுன் பூட்டினால் பூட்டியதுதான். இதில் ஓடும்போதும் சீட் நம்மோடு சேர்ந்து மேலும் கீழும் அசைகிறது, அலைமேல் பலகையில் நிற்கிற மாதிரி. அப்படியானால் பூட்டுகிற நொடியில் முட்டி எங்கே இருந்தால் என்ன? ஓடும்போது முட்டியை விட்டுக்கொடுக்க வேண்டுமா, இறுக்க வேண்டுமா? ஏறிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஜூலையில் விமான டிக்கெட் என்ன விலை என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "அக்கா, அங்க ஒரு வரிசைக்கு எத்தனை பேர்? நான் முதல்ல உள்ள போகணுமா?"