உருகின செருப்பு

"தம்பி, பற்றைக்குள்ள இறங்காதை! சண்டைக்காலத்துப் பழசு ஏதும் கிடந்து வெடிக்கும்."

பின்னாலிருந்து ஐயா ஒருவர் கத்தினார். சோளகக் காற்றில் நெருப்பு கிடுகுக் கொட்டிலை நெருங்கிக்கொண்டிருந்தது.

தீயணைப்புக்கு, 110க்கு அடித்தாயிற்று. கிறவல் ரோட்டில் வண்டி எப்போது வந்து சேரும் என்று எங்களுக்குத் தெரியாதா?

வேப்பங்கொப்பு முறித்து அடித்தோம். கிணற்றில் வாளி நிலத்தைத் தட்டியது. கடைசியில் யாரோ ட்ரக்டரில் தண்ணீர்த் தாங்கியைக் கொண்டுவந்தார்கள்.

முன்னுக்கு நின்றவன் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பெடியன். சாரம், பெனியன், றப்பர் செருப்பு. அணைந்த பிறகு பார்த்தால், ஒரு செருப்பின் அடி உருகி, சாம்பலும் வேப்பிலையும் அதில் அப்பிக் கிடந்தன.

"அம்மாட்டச் சொல்லாதீங்கோ அண்ணை" என்றான்.

சப்பாத்து, கையுறை, தண்ணீர் இறைக்க ஒரு சின்ன மோட்டர். ஊர்க்காசு சேர்த்து வாங்கிவிடலாம், சரி. எந்தப் பற்றைக்குள் இறங்கலாம் என்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?