மட்டக்குதிரையோடு ஒரு கடைசிப் பருவம்

என் மகள் செய்த ஒரே குற்றம் வளர்ந்துவிட்டதுதான். சர்வதேச குதிரையேற்ற விதிகளின்படி, மட்டக்குதிரை (போனி) என்று சான்றிதழ் பெற வேண்டுமானால், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் அதன் உயரம் லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டரையும் லாடத்தோடு 149 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. அதில் ஏறிப் போட்டியிடும் பிள்ளைக்கு 12 வயது பிறக்கும் ஆண்டிலிருந்து 16 வயது நிறையும் ஆண்டின் இறுதிவரை அனுமதி உண்டு. அளவுகோலோடு வந்து குதிரையை அளக்கிறார்களே தவிர, பிள்ளையை யாரும் அளப்பதில்லை. ஆனால் சென்ற பருவத்தின் நடுவிலேயே அவளுடைய காலணிகள் எங்கள் மட்டக்குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கத் தொடங்கிவிட்டன. தடையைத் தாண்டும்போது அவள் உடல் முன்னே சாய்ந்தால், அந்தச் சிறிய உடம்பின் சமநிலையே குலைவதைப் பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கே காண முடிந்தது. ஆகவே இந்தப் பருவம் முடிந்ததும் அந்தக் குதிரையை வேறொரு பிள்ளைக்கு விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவர்கள் நானும் மனைவியும். மகள் தலையை மட்டும் அசைத்தாள்.

குதிரைத் தாண்டல் போட்டிகளுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் எல்லோரும் ஒரு கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்திருப்பார்கள். களத்துக்குள் ஒரு சுற்று ஏறக்குறைய எழுபது, எண்பது விநாடி. அதற்காகச் செலவிடுவது வெள்ளிக்கிழமை பிற்பகல் முதல் ஞாயிறு இரவு வரையிலான நேரம். அந்த நேரத்தில் பெரும்பகுதி சவாரியே அல்ல. தண்ணீர், வைக்கோல், சாணம், காத்திருப்பு, மறுபடியும் தண்ணீர். வண்டியில் ஏற்றியதிலிருந்தே கவலை தொடங்கிவிடும். குதிரையின் தலையை உயரக் கட்டி நெடுந்தூரம் கொண்டுசென்றால், தலையைத் தாழ்த்தி மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லாமல் நுரையீரலில் தொற்று வந்துவிடக்கூடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, அவன் மூக்கைத் தரையளவுக்கு இறக்கிச் செருமி முடிக்கும்வரை நாங்கள் காத்திருப்போம். புது இடத்துத் தண்ணீரின் வாசம் பிடிக்காவிட்டால் குடிக்க மாட்டான். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் குடலில் தீனி இறுகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றில் சிக்கல் என்றால் அது சின்ன விஷயமாக இருக்காது.

இதை என் மகள் பத்து வயதிலேயே தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு போட்டி இரவிலும் படுக்கப் போகும் முன் லாயத்துக்குப் போய், அவனுடைய விலாவுக்குப் பின்னால் காதை வைத்து நிற்பாள். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். உள்ளே குடல் இயங்கும், இடி உருளுவது போன்ற ஓசை கேட்டால் சிரித்துக்கொண்டு வருவாள். கேட்காவிட்டால் அங்கேயே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை அப்படி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனவளை, நள்ளிரவு தாண்டி நான் தேடிக்கொண்டு போய் எழுப்பினேன். எழுந்ததும் அவள் கேட்டது, “அப்பா, சாணம் போட்டானா?” என்றுதான். போட்டிருந்தான். இருவரும் அதைப் பார்த்து மகிழ்ந்தோம் என்று எழுதினால் குதிரை வளர்க்காதவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

போட்டி நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, குதிரையே இல்லாமல் நடக்கும் பகுதி. தடைகள் அமைத்து முடிந்ததும், போட்டியாளர்கள் களத்துக்குள் நடந்து பார்க்கச் சில நிமிடம் அனுமதி உண்டு. வெள்ளைக் கொடி இடப்புறமும் சிவப்புக் கொடி வலப்புறமும் இருக்கும்படிதான் ஒவ்வொரு தடையையும் தாண்ட வேண்டும். இரண்டு தடைகளுக்கு இடையே குதிரைக்கு எத்தனை பாய்ச்சல் (ஓட்டத்தில் ஒரு முழு எட்டு) என்பதைக் காலடியால் அளப்பார்கள். ஒரு காலடி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். நான்கு அடி சேர்ந்தால் பெரிய குதிரையின் ஒரு பாய்ச்சல். தரையிறங்க இரண்டு அடி, எழும்ப இரண்டு அடி என்று தனியே விட்டுவிட வேண்டும். ஆக இருபது அடி நடந்தால் இடையில் நான்கு பாய்ச்சல். இந்தக் கணக்கு காலில் பதிவதற்காக எங்கள் வீட்டு நடைவழித் தரையில் ஒட்டுநாடாவால் கோடுகள் போட்டு வைத்திருந்தாள். அடுப்படிக்குப் போகும்போதும் அந்தக் கோட்டைத்தான் மிதித்தாக வேண்டும். விருந்தினர்கள் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மட்டக்குதிரையின் பாய்ச்சல் இதைவிடக் குட்டை. மட்டக்குதிரைகளுக்கென்றே நடக்கும் பிரிவுகளில் தடைகளின் இடைவெளியைக் குறுக்கி வைப்பார்கள். பெரிய குதிரைகளோடு கலந்து ஓடும் பிரிவில் அந்தச் சலுகை கிடையாது. மற்றவர்கள் நான்கு பாய்ச்சலில் கடக்கும் இடத்தில் இவன் ஐந்து போட வேண்டும். அல்லது நீட்டி நான்கு போட்டுக் கடைசியில் தடையின் மேல் கிடக்கும் உத்தரத்தைத் தட்ட வேண்டும். தட்டி விழுந்தால் நான்கு தண்டப்புள்ளி. தயங்கி நின்றாலும் நான்கு. இரண்டாம் முறை நின்றால் வெளியேற்றம். என் மகள் ஐந்து போடுகிறவள். பொறுமை இருக்கிறது என்று பாராட்ட வேண்டாம். நான்கு போட்டு விழுந்து பார்த்த பிறகு வந்த பொறுமை அது. அந்த விழுகையில் காறையெலும்பு முறிந்தது, தலைக்கவசம் வெளிப்பார்வைக்கு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஆயினும் ஒருமுறை அடி வாங்கிய கவசத்தை மறுபடி அணியக் கூடாது என்பதால் அதைக் குப்பையில் போட்டோம். எலும்பைவிட அந்தக் கவசத்துக்காகத்தான் அவள் அதிகம் அழுதாள். அதன் உள்பக்கம் முழுக்க, சென்று வந்த போட்டிகளின் தேதிகளைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்.

மட்டக்குதிரைப் பிள்ளைகளிடையே ஸ்ட்ரோலரின் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மரியன் கோக்ஸ் என்ற பிரிட்டன் இளம்பெண், மட்டக்குதிரையான ஸ்ட்ரோலரின் மேல் ஏறி, பெரிய குதிரைகளுக்கென்று கட்டிய தடைகளைத் தாண்டித் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மட்டக்குதிரையை விற்கச் சொல்லும் அப்பாக்களுக்கு எதிராகப் பிள்ளைகள் கையில் இருக்கும் வலுவான சான்று இதுதான். என் மகளும் அதை எடுத்து வைத்தாள். மரியன் கோக்ஸ் எவ்வளவு உயரம் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது. மூன்று நாள் பேசவில்லை.

பயிற்சிக் களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுக்கு முன் குதிரையைச் சூடேற்றும் அந்தச் சின்ன இடத்தில் ஒரே நேரத்தில் பத்து, பன்னிரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக ஓடும். இடத்தோள் இடத்தோளை நோக்கி வரும்படி விலகிச் செல்வது வழக்கம். ஆனால் நடுவில் நிற்கும் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்கு மட்டுமே கேட்கும் என்ற நம்பிக்கையில் கத்துவார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் அது கேட்கும். எங்களுடைய முந்தைய பயிற்சியாளர் அப்படிக் கத்துகிறவர்களில் ஒருவர். ஒருநாள் என் மகளின் சுற்று வெளியேற்றத்தில் முடிந்து அவள் வாயிலைத் தாண்டி வந்ததும், குதிரைக்கு “ஒரு பாடம் கற்பி” என்று சவுக்கைக் காட்டினார். விதி இதில் தெளிவாகவே இருக்கிறது: அடுத்தடுத்து மூன்று முறைக்கு மேல் சவுக்கைப் பயன்படுத்தக் கூடாது; வெளியேற்றப்பட்ட பிறகு பயன்படுத்தக் கூடாது; சவாரி செய்பவரின் கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு அறவே கூடாது. அவளுக்கு விதி தெரியுமா தெரியாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சவுக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் நாங்கள் லாயம் மாறினோம். அவர் திறமையான பயிற்சியாளர்தான் என்பதை மறுக்கவில்லை. ஐந்து பாய்ச்சலைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

இங்கே எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அதனால் சில பெற்றோர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சில பிள்ளைகளுக்கு எல்லாம் தயாராக இருக்கும். லாயப் பணியாளர் குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டி, அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) இறக்கி, களத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். பிள்ளை ஏறி, தாண்டி, இறங்கி, கடிவாள வாரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடும். அந்தப் பிள்ளைகள் நன்றாகச் சவாரி செய்வதில்லை என்று சொல்ல முடியாது, சிலர் அபாரமாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏறியிருப்பது யார் மேல் என்பது அவர்களுக்குத் தெரியாது. 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் பிள்ளைகள் தம் சொந்தக் குதிரைகளைக் கொண்டுவரவில்லை. போட்டி அமைப்பாளர்கள் தந்த குதிரைகளின் மேல்தான் எல்லோரும் தாண்டினார்கள். சவாரித் திறமையைத் தனியே பிரித்துப் பார்க்க நல்ல வழி என்று நான் அதை முதலில் மெச்சிக்கொண்டிருந்தேன். குதிரையேற்றம் உட்பட ஐந்து விளையாட்டுகள் சேர்ந்திருந்த நவீன ஐந்திறப் போட்டியில் நடந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதில் குலுக்கலில் கிடைத்த குதிரையோடு பழக இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் முன்னணியில் இருந்த வீராங்கனையின் குதிரை அடியெடுத்து வைக்கவே மறுக்க, அவர் அதன் மேல் அழுததையும் அடித்ததையும் உலகமே பார்த்தது. 2024 பாரிஸுக்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது. இருபது நிமிடத்தில் எந்த விலாவில் காதை வைத்துக் கேட்பது?

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமைப் பாடங்கள் போகும், சேண அறையில் எழுதிய வீட்டுப்பாடத்தில் தோல் எண்ணெய்க் கறை இருக்கும், ஆசிரியர்கள் பழகிக்கொள்வார்கள்.

இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. தாண்டல் பிள்ளைகள் அணியும் காற்றுப்பை அங்கியைச் சேணத்தோடு ஒரு கயிறு இணைத்திருக்கும். விழுந்தால் கயிறு இழுபட்டு அங்கி ஒரு நொடிக்குள் ஊதிக்கொள்ளும். தடையொன்றும் தட்டாமல் சுற்றை முடித்தவள், கண்கலங்கிய நிலையில், அந்தக் கயிற்றைக் கழற்ற மறந்து இறங்கிவிட்டாள். துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். பக்கத்திலிருந்த பெரிய குதிரைகள் மிரண்டு ஒதுங்கின. எங்களுடையவன் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நின்று, கழுத்துவரை ஊதிப்போய் கைகளை மடக்க முடியாமல் நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானே நடந்து வந்து அந்த ஊதிய அங்கியை முகர்ந்தான். அழுகையும் சிரிப்பும் கலந்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

வாங்க வந்த குடும்பம் தங்கள் குதிரை மருத்துவரையும் அழைத்து வந்திருந்தது. ஒவ்வொரு காலையும் மடக்கி ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்திருந்து, விட்ட உடனே ஓடவைத்து, நொண்டுகிறானா என்று பார்ப்பார்கள். அவனைக் கயிற்றில் பிடித்து ஓடவேண்டியவளாக என் மகளே முன்வந்தாள். நொண்டினால் விற்பனை நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நான்கு ஓட்டத்திலும் அவள் முகத்தில் என்ன எதிர்பார்ப்பு இருந்தது என்று நான் கூர்ந்து பார்க்கவில்லை. அவன் நேராக, காதுகளை முன்னே நிறுத்தி, அழகாக ஓடினான்.

அவனோடு கொடுத்தனுப்ப நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். தண்ணீரில் ஆப்பிள் சாறு எவ்வளவு கலக்க வேண்டும், வலக்காதைத் தொட்டால் ஏன் தலையை உதறுவான், குளம்பு வெட்ட எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. புதிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். குறிப்பை வாங்கிப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குளம்பு சுரண்டும் கொக்கியை எடுத்துக்கொண்டு நேரே அவன் பின்னங்காலருகே போய்க் குனிந்தது. அவன் காலை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. பிள்ளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. என் மகள் என் பக்கம் திரும்பாமல் போய் அதன் அருகே மண்டியிட்டாள்.

“இடது முன்னங்காலில் தொடங்கு,” என்றாள். “பிறகு மற்றதையெல்லாம் அவனே தருவான்.”