வரலாறு சேரும் கேணல் ரெயின்பரோவும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்த சேர், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை, நாடாளுமன்றப் படைத் தளபதி குரொம்வெல்லோடு முடித்துவிடமாட்டார். “குரொம்வெல்லைச் சோதனைக்குப் படியுங்கோ, ரெயின்பரோவை உங்களுக்காகப் படியுங்கோ” என்பார்.

தோமஸ் ரெயின்பரோ கப்பல் தலைவர் ஒருவரின் மகன். தானும் கடலில் தொடங்கி, அப்புறம் நாடாளுமன்றப் படையில் கேணலானார். 1647இல் டிரொய்ட்விச் தொகுதியின் உறுப்பினருமானார். இதையெல்லாம் சேர் விறுவிறுவென்று சொல்லிவிட்டுப் பட்னிக்கு வந்துவிடுவார். பாடவேளை முழுவதும் அங்கேதான் போகும்.

மன்னர் முதலாம் சார்ள்ஸ் தோற்றுவிட்டார். சரி, இனி நாட்டை யார் ஆள்வது, யாருக்கு வாக்கு? வென்ற படையே 1647 ஒக்டோபர் கடைசியில் லண்டனுக்கு அருகே பட்னியில் கூடி இதை விவாதித்தது. தளபதிகளோடு சாதாரணப் படைவீரர்களின் பிரதிநிதிகளும் சமமாக இருந்து பேசினார்கள். குரொம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன், சொத்துள்ளவனுக்கே வாக்கு என்றார். ஒன்றுமில்லாதவனுக்கும் வாக்குக் கொடுத்தால் சொத்துரிமையையே ஒழித்துவிடுவான் என்பது அவர் பயம். ஒக்டோபர் 29 அன்று ரெயின்பரோ பதில் சொன்னார்: இங்கிலாந்தின் மிகப் பெரிய மனிதனைப் போலவே மிக ஏழைக்கும் வாழ ஒரு வாழ்வு உண்டு, ஓர் அரசின் கீழ் வாழ வேண்டியவன் முதலில் அதற்குத் தன் சம்மதத்தைத் தர வேண்டும்.

இந்த இடத்தில் சேர் கரும்பலகைக்குத் திரும்பி, பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களோடு சம வாக்குரிமை கிடைத்த 1928, இலங்கையில் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் நடந்த 1931 என்று எழுதுவார். அதே கையோடு 1949ஐயும் எழுதுவார். முந்திய வருடம் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரிடமிருந்து வாக்கும் பறிபோன ஆண்டு அது. அந்தக் கோபம் அவர் குரலில் தெரியும்.

ரெயின்பரோவுக்கு நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1648இல் கடற்படையினரே கலகம் செய்து அவரைத் தலைவராக ஏற்க மறுத்தார்கள். பட்னியில் பேசிச் சரியாக ஒரு வருடத்தில், அதே ஒக்டோபர் 29 அன்று, மன்னர் பக்கத்து ஆட்கள் குரொம்வெல்லின் கடிதம் கொண்டுவந்ததாகச் சொல்லி, டொன்காஸ்டரில் அவர் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்தார்கள். உயிரோடு பிடித்துச் சென்று, சிறைப்பட்ட தங்கள் தளபதியை மீட்பதுதான் அவர்கள் திட்டம். இவர் பணியாமல் போராட, கொன்றுவிட்டார்கள். லண்டன் வொப்பிங்கில் அவரை அடக்கம் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடந்தார்கள்.

பட்னிப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் குறித்துவைத்தவர் படைச் செயலாளர் வில்லியம் கிளார்க். அவருடைய தாள்கள் ஒக்ஸ்போர்ட் கல்லூரி நூலகமொன்றில் கிடந்து, 1890களில்தான் அச்சேறின. அதற்கு முன் இந்த வார்த்தைகளை யாரும் படித்திருக்க முடியாது என்று சேர் சொன்னது இன்றும் என்னை உலுக்குகிறது.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பட்னிப் பாலத்தின் தென்முனையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். விவாதம் தொடங்கியது அங்கேதான். ரெயின்பரோவின் வாசகம் உள்ளே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் அயர்ட்டனின் வாதத்தையும் குறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் ரெயின்பரோவின் துணிச்சல் விளங்காது என்பதில் சேர் பிடிவாதமாக இருந்தார்.